சர்வர் வெளிநாட்டில் இருந்தால் நம் சட்டம் எட்டாதா?

கேள்வி: என் தங்கைக்கு 23 வயது. அவள் போட்டிருந்த செல்ஃபியை யாரோ எடுத்து, ஆபாசமாக மார்ஃப் செய்து, ஒரு பெரிய சமூக ஊடகத்தில் போலிக் கணக்கு தொடங்கிப் போட்டுவிட்டார்கள். புகார் கொடுத்ததும் அங்கே நீக்கிவிட்டார்கள். இப்போது அதே படம் கேள்விப்படாத ஒரு வெளிநாட்டுத் தளத்தில் இருக்கிறது. மெயில் அனுப்பினால் பதிலே இல்லை. காவல் நிலையத்திலோ, “சர்வர் வெளிநாட்டில் இருக்கிறது, நாங்கள் என்னம்மா செய்வது” என்கிறார்கள். சட்டம் இருந்து என்ன பயன்? – ஒரு வாசகி, திருப்பூர்.

பதில்: காவல் நிலையத்தில் சொன்னதை நீங்கள் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இந்தியாவில் உள்ள கணினியோ நெட்வொர்க்கோ சம்பந்தப்பட்டிருந்தால், வெளிநாட்டில் இருந்துகொண்டு செய்த குற்றத்துக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பொருந்தும் என்று அதன் 75-ஆவது பிரிவு சொல்கிறது. எனவே சர்வர் எங்கே இருக்கிறது என்பது புகாரை மறுக்கக் காரணம் ஆகாது. வாங்க மறுத்தால், அதே புகாரைக் காவல் ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். உதவி எண் 1930.

ஆனால் சட்டம் பொருந்துவது வேறு, அது போய்ச் சேர்வது வேறு. முதல் தளம் உடனே நீக்கியதற்கும் இரண்டாவது தளம் வாய் திறக்காததற்கும் காரணம் இதுதான். 50 லட்சத்துக்கு மேல் இந்தியப் பயனர்கள் பதிவு செய்திருக்கும் சமூக ஊடகம், குறைதீர் அதிகாரியையும் சட்ட இணக்கத்துக்குப் பொறுப்பான அதிகாரியையும் இந்தியாவிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2021 விதி. மார்ஃப் படங்களைப் பாதிக்கப்பட்டவர் புகார் தந்த ஒரு நாளுக்குள் நீக்க வேண்டும் என்றும் அதே விதி சொன்னது. அப்புறம் அந்தக் கெடுவை இன்னும் இறுக்கினார்கள். மீறினால், பயனர்கள் போடும் பதிவுகளுக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்கிற 79-ஆவது பிரிவின் பாதுகாப்பு போய்விடும். இங்கே அலுவலகம், ஆட்கள், விளம்பர வருமானம் எல்லாம் இருப்பதால் அவர்களுக்கு அந்தப் பயம் உண்டு. இரண்டாவது தளத்துக்கு இங்கே இழக்க ஒன்றுமே இல்லை.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. 2024 ஏப்ரலில் சிட்னி தேவாலயம் ஒன்றில் பிஷப் கத்தியால் குத்தப்பட்ட வீடியோவை நீக்கச் சொல்லி ஆஸ்திரேலியாவின் இணையப் பாதுகாப்பு ஆணையர் எக்ஸ் (பழைய ட்விட்டர்) நிறுவனத்துக்கு உத்தரவிட்டார். எக்ஸ் அதை ஆஸ்திரேலியாவுக்குள் மட்டும் மறைத்தது. வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் விபிஎன் செயலியைப் போட்டால் சிட்னியில் இருந்தே பார்க்கலாம். உலகம் முழுவதும் மறைக்க வேண்டும் என்று ஆணையர் நீதிமன்றம் போனார். முதலில் கிடைத்த தற்காலிகத் தடையை மே மாதம் நீட்டிக்க நீதிமன்றம் மறுத்தது. ஜூனில் வழக்கையே கைவிட்டார்கள். பிரிட்டனில் 2025 அக்டோபரில், கேட்ட தகவலைத் தரவில்லை என்று, பெயர் சொல்லாமல் படங்கள் போடும் ஃபோர்சான் (4chan) என்கிற அமெரிக்கத் தளத்துக்கு அந்நாட்டின் தகவல் தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 20,000 பவுண்டு அபராதம் போட்டது. அந்தத் தளம் அதற்கு முன்பே ஆஃப்காம் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்திருந்தது.

பிரேசிலில் கதை வேறு மாதிரி போனது. நாட்டில் சட்டப் பிரதிநிதியை வைக்க மறுத்த எக்ஸ் தளத்தை 2024 ஆகஸ்ட் இறுதியில் உச்ச நீதிமன்ற நீதிபதி மொத்தமாக முடக்கினார். அபராதத்தைக் கட்டி, பிரதிநிதியை நியமித்த பிறகு அக்டோபரில்தான் தளம் திரும்பி வந்தது. அங்கே எக்ஸுக்கு இழக்கக் கோடிக்கணக்கான பயனர்கள் இருந்தார்கள்.

ஆக, அந்தத் தளத்துக்கே மெயில் மேல் மெயில் அனுப்பி ஓய்ந்துபோகாதீர்கள். நான் பிடிக்கச் சொல்வது அதைச் சுற்றி இருப்பவர்களை.

எதையும் நீக்கச் சொல்வதற்கு முன் ஆதாரத்தை எடுத்துவிடுங்கள். படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதாது. முகவரிப் பட்டையில் உள்ள முழு லிங்க், பதிவிட்டவரின் கணக்குப் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரிய வேண்டும். லிங்கைத் தனியாக நகலெடுத்தும் வையுங்கள். நீக்கப்பட்ட முதல் கணக்கின் முகவரி உங்களிடம் இருந்தால் அதுதான் பொக்கிஷம். ஏனென்றால் தளம் எங்கோ இருந்தாலும், படத்தைப் போட்டவர் பல வழக்குகளில் தெரிந்தவராகவே இருக்கிறார். அந்தப் பெரிய நிறுவனத்திடம், எந்த இணைய இணைப்பில் இருந்து போட்டார்கள் என்று காட்டும் ஐபி முகவரியையும் பதிவு செய்த கைபேசி எண்ணையும் போலீஸ் கேட்டு வாங்க முடியும். தாமதித்தால் அந்தத் தகவல் அழிந்துவிடலாம். புகாரில் இந்தக் கோரிக்கையைத் தனி வரியாக எழுதுங்கள்.

அடுத்தது கூகுள். ஒப்புதல் இல்லாத ஆபாசப் படங்களை, போலியாக உருவாக்கியவை உட்பட, தேடல் முடிவில் இருந்து நீக்க அவர்களிடம் தனிப் படிவம் இருக்கிறது. தளத்தில் படம் அப்படியேதான் இருக்கும். ஆனால் உங்கள் தங்கையின் பெயரைத் தேடுபவர் கண்ணில் படாது. நடைமுறையில் பாதிப் பாரம் அங்கேயே குறைந்துவிடும். ஒவ்வொரு லிங்கையும் தனித்தனியாகக் கொடுங்கள்.

மூலப்படம் செல்ஃபி என்பதால் இன்னொரு வழியும் உண்டு. எடுத்தவருக்குத்தான் பதிப்புரிமை. தளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் அமெரிக்காவில் இருந்தால், ஆபாசப் புகாரைவிடப் பதிப்புரிமை நோட்டீசுக்கு வேகமாக அசைந்துகொடுக்கும். ஒரே எச்சரிக்கை: நோட்டீஸில் உள்ள பெயரும் முகவரியும் படத்தைப் போட்டவர் கைக்கே போகலாம். வழக்கறிஞர் பெயரில் அனுப்புங்கள்.

ஸ்டாப்என்சிஐஐ (StopNCII.org) தளத்தையும் பயன்படுத்துங்கள். 18 வயது நிறைந்தவர்களுக்கான இலவசச் சேவை. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் டிஜிட்டல் கைரேகை, அதாவது படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற நிறுவனங்களுக்குப் போகும். அதே படம் அங்கே மறுபடி ஏற முயன்றால் பிடிபடும். கொஞ்சம் வெட்டியோ மாற்றியோ போட்டால் தப்பிவிடலாம் என்பதால், கிடைக்கிற ஒவ்வொரு வடிவத்தையும் பதிவு செய்யுங்கள்.

இத்தனைக்கும் பிறகு படம் வேறெங்காவது முளைக்கலாம். 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரின் அந்தரங்கப் படங்களை 48 மணி நேரத்துக்குள் நீக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்கே உத்தரவிட்டது. அப்படியும் அவை வேறு தளங்களில் தலைகாட்டின. அதனால் வாரம் ஒருமுறை தேடிப் பார்க்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், தங்கையிடம் விடாதீர்கள். அவள் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாம். “ரிப்போர்ட் பண்ணுங்கள்” என்று உறவினர் குழுவில் லிங்கைப் பகிரவும் வேண்டாம். பணம் கொடுத்தால் நீக்குகிறோம் என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த மெசேஜையும் ஆதாரத்தோடு சேர்த்து போலீஸில் கொடுங்கள்.