டிவிக்குப் பின்னால் ஒரு லினக்ஸ் கணினி: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்

கேள்வி: டிவியோடு இணைத்துப் படம் பார்க்க ஒரு கணினி வாங்கி லினக்ஸ் போட எண்ணியிருக்கிறேன். ஐ7 ப்ராசஸர், 32 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் 4கே ஓடாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. வீடியோவை விரித்துத் திரைக்கு அனுப்புவது கிராபிக்ஸ் சிப்புக்குள் இருக்கும் டிகோடர் என்ற தனிச் சுற்று. படம் எந்தக் கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறை) இருக்கிறதோ அது டிகோடருக்குத் தெரிந்திருந்தால் ப்ராசஸர் ஏறக்குறைய சும்மா இருக்கும். தெரியாவிட்டால் மொத்தச் சுமையும் ப்ராசஸர் தலையில் விழும். ஃபேன் இரையும், காட்சி திக்கித் திணறும். அதனால் முதலில் விசாரிக்க வேண்டியது ப்ராசஸர் எந்தத் தலைமுறை என்பதை. ராம் அளவெல்லாம் பிறகுதான்.

இன்டெலில் 6ஆம் தலைமுறை எச்.265 கோடெக்கை 8-பிட் நிற நுணுக்கம் வரைதான் முழுமையாக டிகோட் செய்யும். ஒளி-இருள் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் 4கே எச்டிஆர் படங்களோ 10-பிட். அதற்குக் குறைந்தது 7ஆம் தலைமுறை வேண்டும். விபி9 கோடெக்கின் 10-பிட் வடிவமும் அதில்தான் வந்தது. ஏவி1 என்ற புதிய கோடெக் வேண்டுமானால் 11ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ பாருங்கள். 2023-இல் வந்த இன்டெல் என்100, வெறும் 4 கோர், 6 வாட் சிப்தான். ஆனால் இவை எல்லாவற்றையும் டிகோட் செய்யும். டிவி கணினிக்கு அதுவே போதும். 8 ஜிபி ராம், 128 ஜிபி எஸ்எஸ்டி தாராளம். மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள், அங்கேதான் வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

தனி கார்டு வாங்கியே தீர வேண்டுமானால் இரண்டு இடங்களில் கவனம் தேவை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இரண்டிலும் ஏவி1 டிகோடர் கிடையாது. அதே வரிசையின் பெரிய கார்டுகளில் உண்டு. என்விடியா கார்டு போட்டால், டிவி கணினிக்கான லினக்ஸாகிய லிப்ரெலெக்கில் அதற்கென உள்ள பழைய எக்ஸ்11 பதிப்பைத்தான் நிறுவ முடியும்; அதில் எச்டிஆர் வராது.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, 7ஆம் தலைமுறை. 4கே டிவியில் இணைத்தால் மவுஸ் அம்பு கூட இழுத்து இழுத்து நகர்கிறது.

பதில்: குறை ப்ராசஸரில் இல்லை, எச்டிஎம்ஐ துளையில். அந்தத் தலைமுறை போர்டுகள் பலவற்றில் எச்டிஎம்ஐ 1.4தான் இருக்கும், அது 4கே படத்தை நொடிக்கு 30 முறைக்கு மேல் அனுப்பாது. பின்புறம் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால், அதிலிருந்து எச்டிஎம்ஐ 2.0-க்கு மாற்றும் 'ஆக்டிவ்' அடாப்டர் வாங்கிப் போடுங்கள், 60 கிடைக்கும். 'பாஸிவ்' என்று எழுதியதோ, எதுவுமே எழுதாததோ வேண்டாம்.

டிகோடர் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். டெர்மினலில் விஏஇன்ஃபோ கட்டளையை ஓட்டினால் ஒரு பட்டியல் வரும். அதில் 'எச்இவிசி மெயின்10' என்ற வரியும் அதன் எதிரே 'விஎல்டி' என்ற சொல்லும் இருந்தால் 10-பிட் டிகோடிங் தயார். சிப்பில் வசதி இருந்தும் வரி இல்லையென்றால் டிரைவர் குறை. ஃபெடோரா போன்ற சில லினக்ஸ்கள் காப்புரிமைச் சிக்கலால் எச்.264, எச்.265 டிகோடிங்கைத் தங்கள் டிரைவரிலிருந்து எடுத்துவிட்டன. ஃபெடோராவுக்கு ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்திலிருந்து முழு டிரைவரை நிறுவிக்கொள்ளலாம். படம் ஓடும்போது கோடி (Kodi) என்ற மீடியா சென்டர் நிரலில் 'ஓ' விசையை அழுத்துங்கள். மேலே வரும் எழுத்துகளில் டிகோடர் பெயருக்குப் பக்கத்தில் 'எச்டபிள்யூ' என்றிருந்தால் சிப் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: ராஸ்பெரி பை 5 போதாதா?

பதில்: எச்.265 கோப்புகள்தான் அதிகம் என்றால் போதும். 4கே 60 வரை அதன் டிகோடர் பார்த்துக்கொள்ளும். ஆனால் பை 4-இல் இருந்த எச்.264 டிகோடரை பை 5-இல் எடுத்துவிட்டார்கள், ஏவி1 டிகோடரும் இல்லை. 1080பி எச்.264 படத்தை ப்ராசஸரே சமாளித்துவிடும். 3.5 மிமீ ஆடியோ துளையும் இதில் இல்லை என்பதால், பழைய ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஓடிடி சேவைகளை 4கே-வில் பார்ப்பதுதான் முக்கிய நோக்கம். எந்த லினக்ஸ் நல்லது?

பதில்: அந்த நோக்கத்துக்காக லினக்ஸ் கணினி வாங்காதீர்கள். சந்தா சேவைகள் தங்கள் 4கே படங்களை வன்பொருள் பூட்டு உள்ள கருவிகளுக்கே அனுப்புகின்றன. வைட்வைன் என்ற பூட்டின் எல்1 நிலை அதற்கு வேண்டும். லினக்ஸ் டெஸ்க்டாப் பிரவுசருக்குக் கிடைப்பது எல்3. எவ்வளவு விலை உயர்ந்த கணினியானாலும் இது மாறாது. ஓடிடி-க்கு டிவியில் உள்ள ஆப்பையோ ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கையோ வைத்துக்கொண்டு, சொந்த டிஸ்க், சொந்தக் கோப்பு, வீட்டு சர்வர் இவற்றுக்கு லினக்ஸைப் பயன்படுத்துவதே சரி.

கேள்வி: 5.1 ரிசீவர் வாங்கினேன். கணினியை டிவியில் செருகி, டிவியிலிருந்து ரிசீவருக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறேன். எந்தப் படம் போட்டாலும் இரண்டு ஸ்பீக்கர்தான் பேசுகிறது. சில நேரம் ஒலியே இல்லை.

பதில்: முதலில் இணைப்பின் வரிசையை மாற்றுங்கள்: கணினியிலிருந்து ரிசீவர், ரிசீவரிலிருந்து டிவி. டிவியிலிருந்து ரிசீவருக்குத் திரும்பும் ஆர்க் வழி குறுகலானது. டால்பி டிஜிட்டல் போகும். டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ, பல சேனல் பிசிஎம் (சுருக்காத ஒலி) எதுவும் போகாது. ஆர்க்கின் மேம்பட்ட வடிவமான இஆர்க் உள்ள டிவியில் இவை போகலாம், ஆனால் டிடிஎஸ் ஒலியைக் கடத்தவே மறுக்கும் டிவிகள் உண்டு. ஆப்டிகல் கேபிளும் ஆர்க் மாதிரிதான். சாதாரண டால்பி, சாதாரண டிடிஎஸ்ஸுக்கு மேல் தாங்காது. ரிசீவர் பழையது, 4கே கடத்தாது என்றால் மட்டும் டிவி வழியே போவதில் பொருள் உண்டு.

அடுத்தது கோடி. அமைப்புகளின் நிலையை 'எக்ஸ்பர்ட்'டுக்கு மாற்றி, சிஸ்டம், ஆடியோ பக்கம் போங்கள். சேனல் எண்ணிக்கை 2.0 என்றுதான் முதலில் இருக்கும். உங்கள் ஸ்பீக்கர் அமைப்புக்கு ஏற்ப 5.1 அல்லது 7.1 ஆக்குங்கள். இது பிசிஎம் ஒலிக்கு. பிறகு, ஒலியை விரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் பாஸ்த்ரூவை அனுமதித்து, ரிசீவர் கையேட்டில் உள்ள வடிவங்களை மட்டும் டிக் செய்யுங்கள். இல்லாததை டிக் செய்தால் மௌனம், அல்லது காதைக் கிழிக்கும் கரகரப்பு. 'காட்சியோடு ஒத்திசை' என்ற பொருள் தரும் விருப்பத்தை வீடியோ பக்கத்தில் அணைத்து வையுங்கள். அது ஒலியின் வேகத்தையே மாற்றுவதால் பாஸ்த்ரூவோடு சேராது. பாஸ்த்ரூ ஓடும்போது கோடியின் வால்யூம் வேலை செய்யாது. அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம், ரிசீவரில் கூட்டிக் குறையுங்கள்.

உபுண்டு போன்ற முழு டெஸ்க்டாப்பில் இன்னொரு இடையூறு உண்டு. பைப்வயர் என்ற ஒலிச் சேவை அந்த எச்டிஎம்ஐ சாதனத்தைத் தன் பிடியில் வைத்துக்கொள்வதால், கோடி அல்சா என்ற அடிப்படை ஒலி அடுக்கு வழியே நேராகப் பேச முயலும்போது கதவு பூட்டியிருக்கும். பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோல் நிரலின் கடைசிப் பக்கத்தில் அந்த எச்டிஎம்ஐ-யை 'ஆஃப்' செய்துவிட்டு, கோடியை அல்சாவில் தொடங்கும்படி அமையுங்கள். ஏபிளே கட்டளையில் சாதனங்களைப் பட்டியலிட்டால் எச்டிஎம்ஐ 3, 7, 8 என்று பல எண்கள் வரும். ஒரே துளைதான் இருந்தாலும் இப்படித்தான். ஒவ்வொன்றாக முயன்று, ஒலி வருவதை வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்பே தேவையில்லை என்றால் கோடிக்காகவே உருவான லிப்ரெலெக் போதும், இந்த இழுபறியே இருக்காது.

அப்போதும் ஒலி இல்லையா? அல்சாமிக்சரைத் திறந்து எஃப்6 அழுத்தி அந்தக் கார்டைத் தேர்ந்தெடுங்கள். எஸ்/பிடிஐஎஃப் என்ற கட்டங்களின் அடியில் இரண்டு 'எம்' எழுத்துகள் நின்றால் அந்த வழி ஊமையாக்கப்பட்டிருக்கிறது. அம்புக்குறியால் அங்கே போய் எம் விசையை ஒருமுறை தட்டினால் இரண்டு வட்டங்களாக மாறும்.

இன்னொரு தொல்லை, பாட்டின் முதல் ஒரு நொடி விழுங்கப்படுவது. ஒலி இல்லாதபோது சாதனம் தூங்கிவிடுகிறது, எழுவதற்குள் முதல் சொல் போய்விடுகிறது. கோடியில் ஆடியோ சாதனத்தை 'எப்போதும்' விழிப்பில் வைக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தால் தீரும்.

கேள்வி: ரிசீவர் இல்லை, டிவி ஸ்பீக்கர்தான். வெடிச்சத்தம் வீட்டைத் தூக்குகிறது, பேச்சு கேட்கவில்லை.

பதில்: 5.1 ஒலியை இரண்டாகக் குறுக்கும்போது நடுச் சேனலில் உள்ள பேச்சு அமுங்குகிறது. பாஸ்த்ரூவை அணைத்து, சேனலை 2.0 ஆக வைத்து, டவுன்மிக்ஸில் மூல வால்யூமைக் காக்கும் விருப்பத்தை இயக்குங்கள். சத்தத்துக்கும் முணுமுணுப்புக்கும் உள்ள இடைவெளி சுருங்கும்.

கேள்வி: கேமரா மெதுவாகத் திரும்பும் காட்சிகளில் படம் சிறு சிறு தாவலாக நகர்கிறது. கறுப்பும் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது. திரையின் ஓரம் வெட்டுப்படுகிறது.

பதில்: மூன்றும் வேறு வேறு காரணங்கள். பெரும்பாலான திரைப்படங்கள் நொடிக்கு 24 அல்லது 23.976 ஃபிரேம். டிவி 60-இல் ஓடினால் ஒரு ஃபிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் காட்டப்படும்; அந்தச் சமமின்மைதான் தாவல். கோடியின் வீடியோ பக்கத்தில் ரிஃப்ரெஷ் ரேட்டைப் படத்துக்கேற்ப மாற்றும் விருப்பத்தைத் 'தொடக்கம், நிறுத்தம்' என்று அமைத்து, அனுமதிப் பட்டியலில் 23.976, 24, 25, 50, 59.94, 60 ஆகியவற்றைச் சேருங்கள். 23.976-ஐ விட்டுவிடாதீர்கள். 23.976 படத்தை 24-இல் ஓட்டினால் சுமார் 42 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேம் இரட்டிக்கும். கூர்ந்து பார்ப்பவர் கண்ணில் அது படும்.

கறுப்பு வெளுப்பது வரம்புப் பொருத்தமின்மை. ஒரு பக்கம் 0 முதல் 255 வரை பேசுகிறது, மறுபக்கம் 16 முதல் 235 வரை. கணினி, டிவி இரண்டையும் ஒரே வரம்பில் வையுங்கள். ஓரம் வெட்டுப்படுவது டிவியின் ஓவர்ஸ்கேன், அதாவது படத்தைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும் பழக்கம். டிவியின் படஅளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்' என்பது போன்ற தேர்வு இருக்கும். கணினியில் சரிசெய்ய முயல வேண்டாம், படம் மங்கும்.

கேள்வி: கணினியை முதலில் போட்டு டிவியைப் பிறகு போட்டால் படம் சிறிதாகிறது, ஒலியும் போகிறது.

பதில்: கணினி தொடங்கும்போது டிவி தன் திறன்களைச் சொல்லும் இடிஐடி தகவல் கிடைப்பதில்லை. டிவி, ரிசீவர் இரண்டும் ஓடும்போது அந்தத் தகவலை ஒரு கோப்பாகச் சேமித்து, லினக்ஸின் மையமான கர்னலுக்கு அதையே எப்போதும் படிக்கச் சொல்லலாம். லிப்ரெலெக்கில் இதற்கென்றே 'கெட்இடிஐடி' என்ற சிறு கருவி உண்டு. ரிசீவரையோ டிவியையோ மாற்றினால் கோப்பை மீண்டும் எடுக்க மறக்காதீர்கள்.

கேள்வி: யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தொடங்கினால் லினக்ஸே வரவில்லை. விண்டோஸில் பயன்படுத்திய டிஸ்க்கில் எழுதவும் முடியவில்லை.

பதில்: தொடக்கத்தில் இணைக்க வேண்டிய டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த டிஸ்க்கின் வரியில் 'நோஃபெயில்' சேருங்கள். அது இல்லாவிட்டால் டிஸ்க்குக்காக 90 நொடி காத்திருந்து, அவசர நிலைத் திரையில் நின்றுவிடும். எழுத முடியாததற்குக் காரணம் பெரும்பாலும் விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. அது டிஸ்க்கை முழுதாக மூடாமல் விடுவதால் லினக்ஸ் படிக்க மட்டும் திறக்கிறது. அதை அணைத்து, விண்டோஸை ஒருமுறை முழுமையாக ஷட்டவுன் செய்யுங்கள். இனி லினக்ஸில் மட்டும்தான் என்றால் டிஸ்க்கில் உள்ளதை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு எக்ஸ்ட்4-ஆக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வருகிறது.

பதில்: எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருக் கோப்பை கோடியின் மீடியா கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையில் போட்டு, சப்டைட்டில் அமைப்பில் அதையே தேர்ந்தெடுங்கள். கட்டத்துக்குப் பதில் விசித்திர லத்தீன் எழுத்துகள் வந்தால் கோப்பு யூனிகோடில் இல்லை. டிஸ்கி போன்ற பழைய குறியீட்டில் இருக்கும், யுடிஎஃப்-8 ஆக மாற்ற வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் கோடியைப் புதுப்பியுங்கள். 20ஆம் பதிப்பிலிருந்து எல்லா எழுத்துவகை சப்டைட்டில்களையும் லிப்ஆஸ் நூலகமே வரைகிறது.

கேள்வி: டிவி ரிமோட்டாலேயே இதை இயக்க முடியுமா?

பதில்: ராஸ்பெரி பையில் முடியும், ரிமோட் கட்டளைகளை எச்டிஎம்ஐ கேபிள் வழியே கடத்தும் எச்டிஎம்ஐ-சிஇசி அதிலேயே உண்டு, டிவி மெனுவில் சிஇசி-யை இயக்கினால் போதும். சாதாரண கணினிகளின் எச்டிஎம்ஐ-யில் பெரும்பாலும் சிஇசி இணைக்கப்பட்டிருக்காது, மென்பொருளால் கொண்டுவரவும் முடியாது. பல்ஸ்-எயிட் நிறுவனத்தின் யுஎஸ்பி-சிஇசி அடாப்டரைக் கணினிக்கும் டிவிக்கும் இடையே செருகலாம். ஆனால் அதன் வழியே எச்டிஎம்ஐ சிக்னலும் போவதால், உங்கள் 4கே 60-ஐ அது கடத்துமா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். அது வேண்டாமென்றால் ஃபிளர்க் என்ற அகச்சிவப்பு ரிசீவர் இருக்கிறது. பழைய ரிமோட் எதையும் கற்றுக்கொண்டு கணினிக்குத் தன்னை ஒரு கீபோர்டாகவே காட்டிக்கொள்ளும். லினக்ஸில் தனி டிரைவர் தேவையில்லை.