அறுவைக்கு முன் ஸ்டீராய்டு மாத்திரை எதற்கு?

கேள்வி: மன்னார்குடி அருகே ரைஸ் மில்லில் வேலை பார்க்கும் என் அண்ணனுக்கு வயது 48. இரண்டு மூக்கிலும் சதை வளர்ந்து, ரசம் தாளிக்கும் வாசனைகூட அவருக்குத் தெரிவதில்லை. தஞ்சாவூரில் சைனஸ் அறுவைக்கு நாள் குறித்த மருத்துவர், அதற்கு முன் ஒரு வாரம் சாப்பிட பிரெட்னிசோலோன் மாத்திரை எழுதியிருக்கிறார். அண்ணனுக்குச் சர்க்கரை உண்டு. ஸ்டீராய்டு என்றதும் வீட்டில் அனைவரும் பயப்படுகிறோம். முன்பு மருந்துக்கடையில் இதே மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டபோது மூக்கு நன்றாகத் திறந்தது. மாத்திரையே போதுமென்றால் அறுவை எதற்கு? அறுவை உண்டென்றால் மாத்திரை எதற்கு?
- ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: மூக்குச் சதை என்பது நீண்ட கால அழற்சியால் மூக்கின் உட்சவ்வு நீர் கோத்து, திராட்சைக் குலைபோலத் தொங்குவதாகும். ஸ்டீராய்டு அந்த அழற்சியைத் தணிப்பதால் சதை சுருங்கி, காற்றும் வாசனையும் திரும்புகின்றன. ஆனால் மாத்திரையை நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலானோருக்குச் சதை மீண்டும் வீங்கிவிடுகிறது. அதற்காக அடிக்கடி சாப்பிட்டால் எலும்புத் தேய்மானம், கண்புரை, கண் அழுத்தம், இரத்தக் கொதிப்பு என்று பல தொல்லைகள் சேரும். ஆகவே மாத்திரை அறுவைக்கு மாற்றாகாது.

அறுவைக்கு முன் அதைத் தருவதன் நோக்கம் வேறு. எண்டோஸ்கோப்பி அறுவையில் மருத்துவர் மூக்கின் வழியே செலுத்திய கேமரா காட்டும் படத்தைப் பார்த்தே வேலை செய்கிறார். சைனஸுக்கும் கண்குழிக்கும் நடுவே இருப்பது காகிதம் போன்ற மெல்லிய எலும்பு. மேலே மூளையின் தளம். வீங்கிய சதையிலிருந்து கசியும் இரத்தம் லென்ஸை மறைத்தால், துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். சில நாட்கள் மாத்திரை கொடுத்தால் இரத்தக் கசிவு குறைந்து, பார்வை தெளிவாகி, அறுவை நேரமும் ஓரளவு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லா நோயாளிகளுக்கும் இது தேவையில்லை. இருபுறமும் பெரிய சதை உள்ளவர்களுக்கே பயன் அதிகம் என்பது என் கருத்து.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது பலரைத் தாக்கிய கருப்புப் பூஞ்சை நோய்க்கு, கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே அண்ணன் விஷயத்தில் மாத்திரையைவிடச் சர்க்கரையைத்தான் கண்காணிக்க வேண்டும். காலையில் சாப்பிட்ட பிரெட்னிசோலோன் பிற்பகலிலும் மாலையிலுமே சர்க்கரையை அதிகம் ஏற்றும். வெறும் வயிற்று அளவு சரியாக இருக்கிறதே என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. மதிய உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் இரவு உணவுக்கு முன்பும் பார்த்து, அளவுகளை ஒரு தாளில் எழுதி, சர்க்கரை மருந்தைக் கூட்ட வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள், நீங்களாகக் கூட்டாதீர்கள். சர்க்கரை மிக உயர்ந்திருந்தால் அறுவையைத் தள்ளிப்போடுவார்கள், அது நல்லதே.

மாத்திரையைக் காலையில், உணவுக்குப் பின் சாப்பிடட்டும். இரவில் சாப்பிட்டால் தூக்கம் கெடும். அண்ணனுக்கு முன்பு காசநோய், வயிற்றுப்புண், கண் அழுத்தம் இருந்தனவா, இளைப்பு உண்டா, ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரையால் மூச்சுத் திணறியதுண்டா என்பவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். கடையில் வாங்கிச் சாப்பிட்டதையும் மறைக்காதீர்கள்: அடிக்கடி ஸ்டீராய்டு எடுத்தவர்களின் உடல், இயல்பாகத் தான் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், மயக்க மருத்துவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

அறுவைக்குப் பிறகும் உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும், மருத்துவர் தரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் நீண்ட காலம் தொடர வேண்டும். ஸ்ப்ரே மூக்கிலேயே வேலை செய்வதால் உடலுக்குள் செல்லும் மருந்து மிகக் குறைவு. மாத்திரையைக் கண்டு பயப்படுவதுபோல் அதற்குப் பயப்பட வேண்டாம். உமியும் தவிடும் பறக்கும் இடத்துக்கு எப்போது திரும்பலாம் என்பதை, அறுவைக்குப் பின் மருத்துவர் மூக்கைச் சுத்தம் செய்யும்போது அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். அதன்பின் மில்லில் நல்ல முகக்கவசம் அணியட்டும்.