ஸ்கேன் பண்ணும் உரிமை இருவருக்கு மட்டும்: பூட்டு மெஷினுக்குள்ளேயே இருக்கிறது

கேள்வி: மட்டக்களப்பு நகருக்கு அண்மையில் உள்ள ஒரு சிக்கன கடன் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் நான். ஒன்பது பேர் வேலை செய்கிறோம். நெட்வேர்க்கில் இணைத்த பிரதர் கறுப்பு வெள்ளை மெஷின் ஒன்று எங்களிடம் உண்டு. பிரிண்ட், கொப்பி, ஸ்கேன் மூன்றும் செய்யும். களுவாஞ்சிகுடிக் கிளையில் ரிகண்டிஷனாக வாங்கிய பெரிய கெனன் ஒன்று இருக்கிறது. உறுப்பினர்களின் அடையாள அட்டை, காணி உறுதி, பிணைகாரரின் சம்பளப் பட்டியல் என்று எதையும் யாரும் ஸ்கேன் பண்ணித் தங்கள் போனுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலைமை. பிரிண்ட் எல்லோருக்கும் வேண்டும். ஸ்கேன் கணக்காளருக்கும் கடன் உத்தியோகத்தருக்கும் மட்டும் போதும். மெஷின் விற்றவர் இதற்குத் தனி மென்பொருள் வாங்க வேண்டும், வருடாவருடம் கட்டணம் என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீங்கள் கேட்கும் பூட்டு பெரிய கெனன்களில் உண்டு, நெட்வேர்க்கில் ஓடும் பிரதர் மெஷின்களிலும் பெரும்பாலானவற்றில் உண்டு. அதற்கான காசை மெஷின் வாங்கியபோதே கட்டிவிட்டீர்கள். தனி மென்பொருள் என்பது நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில், எந்தப் பிரிவு எத்தனை தாள் எடுத்தது என்று மாதாமாதம் கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கு. ஒன்பது பேருக்கு அது வீண் செலவு.

விற்றவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது மென்பொருளின் விலையை அல்ல, மெஷினின் அட்மின் பாஸ்வேர்ட்டை. எங்கள் பக்கத்தில் பல அலுவலகங்களில் அது டெக்னீசியனின் போனில்தான் இருக்கிறது. மெஷின் உங்களுடையது, திறப்பு அவருடையது. ஒரு சின்ன செட்டிங்கை மாற்றவும் அவரைக் கூப்பிட வேண்டும், வந்தால் விசிட்டிங் சார்ஜ். "பாஸ்வேர்ட் கொடுத்தால் வொரண்டி போய்விடும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். அட்மின் பாஸ்வேர்ட் மெஷினை வாங்கியவருக்குரியது. தொழிற்சாலைப் பாஸ்வேர்ட்டை மாற்றிக்கொள்ளும்படி கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் கையேடு தமிழிலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை. இடைத்தரகர்களின் பிழைப்பு பாதி இதனால்தான் ஓடுகிறது.

முதலில் பிரதர். மெஷினின் மெனுவில் நெட்வேர்க் விபரத் தாள் ஒன்றை அச்சிடலாம். அதில் ஐபி முகவரி இருக்கும். அந்த எண்ணை உங்கள் கணினியின் பிரவுசரில், இணைய முகவரி எழுதும் இடத்தில் அடித்தால் மெஷினின் சொந்தப் பக்கம் திறக்கும். பழைய மொடல்களில் எல்லா மெஷினுக்கும் ஒரே தொழிற்சாலைப் பாஸ்வேர்ட்; உலகம் முழுக்கத் தெரிந்தது. புதியவற்றில் மெஷினின் பின்புறமோ அடிப்பக்கமோ ஒட்டியிருக்கும் லேபலில் மெஷினுக்கு மெஷின் வேறாக இருக்கும். எதுவானாலும் நுழைந்தவுடன் முதல் வேலை அதை மாற்றுவது. லேபலைப் பார்க்க எவருக்கும் கண் இருக்கிறது.

பிறகு அட்மினிஸ்ட்ரேட்டர் பகுதியில் 'செக்யூர் ஃபங்ஷன் லொக்' என்ற தலைப்பைத் தேடுங்கள். மொடலுக்கு மொடல் அது இருக்கும் இடம் சற்று மாறும், பெயர் மாறாது. அதை இயக்கிச் சேமித்தால் ஒரு அட்டவணை வரும். மேல் வரிசை 'பப்ளிக்', அதாவது இலக்கம் எதுவும் அழுத்தாமல் மெஷினைத் தொடும் எவரும். அந்த வரிசையில் பிரிண்ட், கொப்பி ஆகியவற்றின் டிக்கை அப்படியே விட்டுவிட்டு, ஸ்கேன் டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். கீழே இரண்டு வரிசைகளில் கணக்காளரின் பெயர், கடன் உத்தியோகத்தரின் பெயர், ஆளுக்கு ஒரு நான்கு இலக்கப் பின், ஸ்கேன் உட்பட எல்லா டிக்கும். சேமியுங்கள். வேலை பத்து நிமிடத்தில் முடியும். பிரிண்ட் எடுப்பவர்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது.

பின் இலக்கம் 1234 ஆகவோ பிறந்த வருடமாகவோ இருக்கக் கூடாது. இருவருக்கும் ஒரே பின் கொடுத்தால் யார் ஸ்கேன் பண்ணினார் என்ற கேள்விக்கே இடமில்லை. வேலை முடிந்ததும் திரையில் தங்கள் பெயரிலிருந்து வெளியேறிவிட்டுத்தான் மேசைக்குப் போக வேண்டும். மெஷின் தானாகப் பப்ளிக் நிலைக்குத் திரும்பும், ஆனால் சற்று நேரம் எடுக்கும். அந்த இடைவெளி அடுத்தவருக்குப் போதும்.

இருவரும் ஒரே நாளில் லீவு என்றால்? தீபாவளிக்கு ஒருவரும் நோன்புப் பெருநாளுக்கு மற்றவரும் போவதால் சிக்கல் வராது என்று நினைக்கலாம். ஆனால் காய்ச்சல் நாள் பார்த்து வராது. அன்றைக்குக் கடன் உத்தியோகத்தர் போனில் தன் பின்னைச் சொல்வார். மறுநாளிலிருந்து அந்தப் பின் ஒன்பது பேருக்கும் சொந்தம். ஒரு வாரத்தில் துண்டுத் தாளில் எழுதி மெஷினிலேயே ஒட்டியிருப்பார்கள். ஆகவே மூன்றாவதாக ஒரு பெயரை இப்போதே சேர்த்து, அதன் பின்னைக் கடித உறையில் போட்டு ஒட்டி, தலைவரின் அலுமாரியில் வையுங்கள். உறையைத் திறந்த நாளையும் ஆளையும் சம்பவப் புத்தகத்தில் எழுதி, அடுத்த நாளே பின்னை மாற்றுங்கள். கேட்க இது பெரிய சடங்காகத் தெரியும். ஆனால் பூட்டு பலனில்லாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்தது இதைவிட முக்கியம். ஸ்கேன் இரண்டு வழியாக நடக்கும். ஒன்று, மெஷினின் முன்னால் நின்று பட்டனை அழுத்தி அனுப்புவது. மற்றது, மேசையில் இருந்தபடி கணினியிலோ போன் செயலியிலோ 'ஸ்கேன்' என்று கொடுத்து மெஷினிலிருந்து இழுப்பது. பலர் முதலாவதைப் பூட்டிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். முன்கதவைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான். ஒருவர் உறுதியைக் கண்ணாடியில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறார்; பக்கத்து மேசைக்காரர் இருந்த இடத்திலிருந்தே அதை இழுத்துக்கொள்கிறார். மெஷினின் அருகில் எவரும் வரவில்லை, எவரும் பார்க்கவுமில்லை.

பிரதரில் பப்ளிக்குக்கு ஸ்கேன் இல்லையென்றால், கணினியிலிருந்து இழுப்பவரும் முதலில் மெஷினில் பின் அழுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் கணினியில் பிழைச் செய்தி வரும். கெனனில்தான் கவனம். அங்கே பூட்டின் பெயர் 'டிபார்ட்மென்ட் ஐடி மேனேஜ்மென்ட்'. ஆளுக்கோ பிரிவுக்கோ ஏழு இலக்கம் வரையான எண்ணும் ஒரு பின்னும் கொடுத்து, எந்த வேலைக்கு அவை வேண்டும், எவருக்கு எது கூடாது என்று குறிக்கலாம். இதை இயக்கியதும் மெஷின் திரையில் எண் கேட்கும், எல்லோருக்கும் திருப்தி. அதே பக்கத்தில் இன்னும் இரண்டு டிக் பெட்டிகள் இருக்கின்றன: எண் தெரியாத பிரிண்ட் வேலைகளை அனுமதி, எண் தெரியாத ஸ்கேன் வேலைகளை அனுமதி. ஆங்கிலத்தில் 'அன்நோன் ஐடிஸ்' என்று முடியும். ஸ்கேன் பெட்டியில் டிக் இருந்தால் கணினியிலிருந்து எவரும் எண்ணே இல்லாமல் இழுக்கலாம். திரையில் எண் கேட்பது வெறும் கண்துடைப்பு. உங்கள் தேவைக்குப் பிரிண்ட் பெட்டியில் டிக் இருக்கட்டும், ஸ்கேன் பெட்டியில் எடுத்துவிடுங்கள். பெயர்கள் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் அவசரத்தில் மாற்றி எடுத்துவிடுவார்கள். அப்படியானால் மறுநாள் காலையில் ஒருவருக்கும் பிரிண்ட் வராது, ஸ்கேன் மட்டும் எல்லோருக்கும் வரும்.

கெனனில் நிர்வாகியின் தொழிற்சாலை எண்ணும் பின்னும் 7654321 என்பது அவர்களின் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. ரிகண்டிஷன் மெஷினில் அது மாறாமல் இருக்கும், அல்லது முந்திய சொந்தக்காரர் வைத்த எதுவோ இருக்கும். முதலாவதாக இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். இரண்டாவதாக இருந்தால் விற்றவர்தான் அழித்துத் தர வேண்டும், இலவசமாக.

சிலர் விண்டோஸில் பிரிண்டர் அனுமதிகளை மாற்றி ஸ்கேனைத் தடுக்கலாம் என்பார்கள். அந்த அனுமதிகள் பிரிண்டுக்கு மட்டுமே. ஸ்கேன் அந்த வழியால் போவதே இல்லை. கணினிகளில் இருந்து ஸ்கேன் டிரைவரை அழிப்பதும் பயனற்றது, விண்டோஸின் சொந்த ஸ்கேன் செயலி மெஷினைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். 'வைஃபை டைரக்ட்' இயங்கினால் அதையும் நிறுத்துங்கள். அது ரவுட்டரைச் சாராமல் போனை நேரே மெஷினுடன் இணைப்பது.

மலிவான மை டேங்க் மெஷின் சிலவற்றில் ஆளுக்கு ஆள் பூட்டு இருக்காது. அங்கே ஐபி வடிகட்டி இருந்தால் சமாளிக்கலாம்: ஒரு கணினியும் அனுமதி பெற்றவர்களின் கணினிகளும் மட்டும் மெஷினோடு பேசலாம் என்று பட்டியலிட்டு, மற்றவர்கள் அந்த ஒரு கணினி பகிரும் பிரிண்டர் வழியாக அச்சிட வேண்டும். பட்டியலில் முதல் வரி உங்கள் கணினியின் முகவரியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் சேமித்த மறுநொடி நீங்களே வெளியே நிற்பீர்கள். மெஷினுக்கும் அந்தக் கணினிகளுக்கும் ரவுட்டரில் முகவரியை நிரந்தரமாக ஒதுக்கியிருக்கவும் வேண்டும். மின்சாரம் போய் வந்தபின் முகவரி மாறினால் எல்லாம் குழம்பும்.

இனி, ஸ்கேன் பண்ணியது எங்கே போய்க் கிடக்கிறது? பொதுவாக ஒரு கணினியில் 'ஸ்கேன்' என்ற பகிர்ந்த கோப்புறை. அதற்கு 'எவ்ரிவன்' என்ற பெயரில் முழு அனுமதி. டெக்னீசியன்மார் அவசரத்தில் செய்வது இது. ஸ்கேன் உரிமையைப் பூட்டிவிட்டு இதைத் திறந்து வைத்தால், பக்கத்து மேசைக்காரருக்கு ஸ்கேன் பண்ணும் வேலையையும் மிச்சம் பிடித்துக் கொடுத்ததாகத்தான் அர்த்தம். அந்தக் கணினியில் மெஷினுக்கென்று நிர்வாகி உரிமை இல்லாத ஒரு தனிப் பயனரைப் பாஸ்வேர்டோடு உருவாக்குங்கள். கோப்புறையின் பகிர்வு அனுமதியிலிருந்தும் 'செக்யூரிட்டி' பக்கத்திலிருந்தும் எவ்ரிவனை நீக்கி, அந்தப் பயனரையும் கணக்காளரையும் கடன் உத்தியோகத்தரையும் மட்டும் சேருங்கள். இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும். இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு 2024 இல் வந்தபின் பல பழைய மெஷின்களில் கோப்புறைக்கு ஸ்கேன் போவது நின்றுவிட்டது. பாதுகாப்பை இறுக்கியதுதான் காரணம். அதற்கு வைத்தியமாக எஸ்எம்பி 1 என்ற, கோப்புப் பகிரும் பழைய வசதியை ஒன் பண்ணித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள். 2017 மே மாதம் வோனாக்ரை நச்சுநிரல் உலகெங்கும் பரவியது அந்த ஓட்டையால்தான். அப்படிப்பட்ட மெஷினில் யூஎஸ்பி குச்சிக்கு ஸ்கேன் பண்ணுவது எவ்வளவோ மேல்.

மெஷினிலிருந்து ஜிமெயில் வழியாக அனுப்புகிறீர்களா? அனுப்பிய ஒவ்வொரு ஸ்கேனும் அந்தக் கணக்கின் 'சென்ட்' பெட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும். அது யாரோ ஒரு ஊழியரின் சொந்தக் கணக்காக இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும்போது உறுப்பினர்களின் அடையாள அட்டைகளும் அவரோடு போகும்.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இலேயே 9 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறிவிட்டது. நடைமுறைப்படுத்தும் திகதி தள்ளிப்போடப்பட்டது. ஒவ்வொரு படிவத்தோடும் அடையாள அட்டைப் பிரதி கேட்கும் பழக்கமும் குறையவில்லை. மெஷின் வாங்கும்போதோ மூன்று விலைமனு எடுத்து, ஆகக் குறைந்ததில் கையெழுத்து. வேகம், விலை என்று நிரல்கள் உண்டு, பூட்டு உண்டா என்று ஒரு நிரல் இல்லை. அடுத்த தடவை அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தபின் அனுமதி இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு, உங்கள் கண்முன்னால் முயன்று பார்க்கச் சொல்லுங்கள்: அவர் கணினியிலிருந்து பிரிண்ட் வர வேண்டும், மெஷின் திரையில் ஸ்கேன் மறுக்க வேண்டும், விண்டோஸ் ஸ்கேன் செயலியில் மறுக்க வேண்டும், போனில் மெஷின் நிறுவனத்தின் செயலியிலும் மறுக்க வேண்டும். நான்கில் ஒன்று தவறினாலும் பூட்டு போடவில்லை என்றே கொள்ளுங்கள். கொப்பி எடுத்து அதைப் போனில் படம் பிடிப்பதை எந்த மெஷினும் தடுக்காது. அது ஒழுக்காற்று விடயம்.

களுவாஞ்சிகுடி மெஷினுக்கு இன்னுமொன்று. பெரிய கெனன்களுக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கும். மாற்றும்போது பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன் எல்லாத் தரவையும் அழிக்கும் கட்டளையை நிர்வாகி மெனுவில் கொடுத்து, முடியும்வரை மெஷினை நிறுத்தாமல் விடுங்கள். "நாங்கள் கடையில் அழித்துவிடுவோம்" என்று லொறியில் ஏற்ற விடாதீர்கள்.

சேவை ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: நிர்வாகி பாஸ்வேர்ட் சங்கத்திடம் மட்டும் இருக்கும், திருத்த வேலைக்குத் தற்காலிகமாகக் கொடுத்தால் அன்றே மாற்றப்படும். இதற்கு மறுப்பவரோடு ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டாம். டோனரும் டிரம்மும் கொடுக்க மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வேறு கடைகள் இருக்கின்றன.