ரீல்ஸ் எடுக்கிற மகளுக்கு வேலை கிடைக்குமா?

வணக்கம் சார். மகள் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் ஆண்டு, கல்லூரியின் போதை எதிர்ப்பு மன்றத்துக்காக எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாள், ஒரு அரியர் வேறு, இதெல்லாம் சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் இப்போது எடுக்கிற மாதிரியே எடுத்துக்கொண்டிருந்தால் கஷ்டம்தான்.

நீங்கள் அனுப்பிய மூன்று வீடியோக்களையும் பார்த்தேன். முதல் இரண்டும் எல்லோரும் பார்த்துச் சலித்தவை: இருட்டறை, ஊசி, சிவப்பு மை, சோக வயலின், கடைசியில் மாலை போட்ட போட்டோ. மூன்றாவதில் டீக்கடை வாசலில் ஒருவன் கூல் லிப்பை, அதாவது உதட்டுக்குள் வைக்கிற புகையிலைப் பொட்டலத்தை, நீட்டுகிறான். மற்றவன், "வேணாம்டா, பஜ்ஜி வாங்கிக் கொடு" என்கிறான். இருவரும் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான். பார்க்கிற பையனுக்கு நாளைக்கே சொல்ல ஒரு வசனம் கிடைத்துவிட்டது. அவள் கைவசம் இருப்பது இதுதான் சார். அந்த மாலை போட்ட போட்டோ இல்லை.

அமெரிக்காவில் 1998 முதல் 2004 வரை 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி, இளைஞர்களுக்கான போதை எதிர்ப்பு விளம்பரங்களை அரசே ஓட்டியது. பிறகு ஆராய்ந்ததில் கஞ்சா பழக்கம் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. இவ்வளவு விளம்பரம் வருகிறதென்றால் எல்லோரும் அடிக்கிறார்கள் போல என்று பிள்ளைகள் நினைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அதே நாட்டில் 2000-ல் வந்த 'ட்ரூத்' என்ற புகையிலை எதிர்ப்புப் பிரசாரம் அறிவுரையே சொல்லவில்லை. கம்பெனி உங்களை எப்படி ஏமாற்றுகிறது பாருங்கள் என்று காட்டியது. இளைஞர்களிடம் சிகரெட் குறைந்ததில் அதற்கும் பங்குண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன.

எது எடுபடும், எது எடுபடாது என்று சோதித்துச் சொல்கிற ஆளுக்குத்தான் பொதுச் சுகாதாரத் திட்டங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் வேலை இருக்கிறது. அதனால் வியூஸ் கணக்கில் மயங்க வேண்டாம். அடுத்த வீடியோவை வெளியிடும் முன் முதலாண்டு மாணவர்கள் இருபது பேரிடம் காட்டி, என்ன புரிந்தது, யாரிடம் பகிர்வார்கள் என்று எழுதி வாங்கட்டும். அந்த நோட்டுதான் நாளைய இன்டர்வியூவில் பேசும். பழக்கத்தில் இருப்பவரின் முகம், பெயர் வேண்டாம். எங்கே கிடைக்கும், என்ன விலை என்பது வேண்டவே வேண்டாம். முடிவில் 14446 என்ற மறுவாழ்வு உதவி எண்ணைப் போடச் சொல்லுங்கள்.

மேற்படிப்புக்கு சமூகப்பணியில் எம்எஸ்டபிள்யூ அல்லது பொதுச் சுகாதாரத்தில் எம்பிஎச் பார்க்கலாம். பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் மனநலச் சமூகப்பணிக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் படிப்புகள் உண்டு. எம்பிஎச்சுக்கு விஸ்காம் பட்டத்தை எல்லா இடத்திலும் ஏற்பதில்லை, தகுதியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தொடக்கச் சம்பளம் ஐடி அளவுக்கு இருக்காது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் அந்த அரியர். இந்த செமஸ்டரிலேயே அதை எழுதி முடிக்கட்டும். அதுவரை வாரத்துக்கு ஒரு வீடியோ போதும்.