ஃபாக்ஸ்புரோ அண்ணன்களைப் பழக்க முடியுமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நூல் வரவு, நிட்டிங் ஜாப் ஒர்க், டிசி (டெலிவரி சலான்), பில் எல்லாம் டாஸ் காலத்து டேட்டாபேஸ் மொழியான ஃபாக்ஸ்புரோ 2.6-இல்தான். எழுதிய மூன்று அண்ணன்களும் ஐம்பதைத் தாண்டியவர்கள். புதிய கம்ப்யூட்டர்களில் டாஸ்பாக்ஸ் (டாஸ் புரோகிராம்களை ஓட்டும் மென்பொருள்) போட்டு ஓட்டுகிறோம். முதலாளி விண்டோஸ் திரை வேண்டும் என்கிறார். விண்டோஸ் புரோகிராம் எழுதப் பழக அண்ணன்களை சி ஷார்ப் மொழி வகுப்புக்கு அனுப்பினேன். வந்து பழையபடியே எழுதுகிறார்கள். இவர்களைப் பழக்க முடியுமா, இல்லை புது ஆட்களை எடுத்துவிடலாமா?

பதில்: பழக்க முடியும், நண்பரே. புது ஆட்களையும் எடுங்கள், ஆனால் அண்ணன்களுக்குப் பதிலாக வேண்டாம். எந்த நிட்டிங்காரருக்கு எவ்வளவு புராசஸ் லாஸ் (வேலையில் ஏற்படும் சேதாரம்) கழிப்பது, எந்த பார்ட்டிக்கு டிசி தேதியில் ரேட், எந்த பார்ட்டிக்கு பில் தேதியில் ரேட் என்பதெல்லாம் அவர்கள் எழுதிய கோடிலும் அவர்கள் தலையிலும் மட்டும்தான் இருக்கும். அதை எந்தப் புதுப் பையனும் ஒரு வருஷத்தில் தோண்டி எடுத்துவிட மாட்டான்.

வகுப்பில் பட்டன் வைப்பதையும் கிரிட் இழுத்துப் போடுவதையும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் அண்ணன்கள் எளிதாகப் பிடித்துவிடுவார்கள். அவர்களுக்குப் பிடிபடாதது வேறு. டாஸில் பார்ட்டி கோடு, டிசி நம்பர், கவுண்ட் (நூலின் பருமன்), எடை என்று வரிசையாக 'சே' (திரையில் காட்டு), 'கெட்' (அடிப்பதை வாங்கு) எழுதி, கீழே ஒரு 'ரீட்' (பதிய விடு) போட்டால் ஆபரேட்டர் பெரும்பாலும் அந்த வரிசையிலேயே போவார். பார்ட்டி கோடின் 'வேலிட்' (கட்டத்தில் அடித்ததைச் சரிபார்க்கும் கட்டளை) ரேட்டைத் தேடி ஒரு வேரியபிளில் வைக்கும். எடைக்குப் போகும்போது அந்த ரேட் தயாராக இருக்கும். அதே திரையை விண்டோஸில் வரைந்தால், ஆபரேட்டர் மவுஸால் நேராக எடையைத் தொட்டு, அடித்து, சேவ் கொடுப்பார். ரேட் பூஜ்யம், பில்லும் பூஜ்யம். "யார் அப்படி அடிக்கச் சொன்னது?" என்று அண்ணன் கோபப்படுவார். கோபப்படட்டும். இனிமேல் யாரும் எப்படியும் அடிப்பார்கள் என்று அவருக்கு உறைக்க வேண்டிய நேரம் அதுதான்.

ஆகவே புதுத் திரை வரைவதற்கு முன்னால், பழைய டிசி திரையின் கோடைப் பிரின்ட் எடுத்து மேஜையில் வையுங்கள். ஒவ்வொரு 'வேலிட்'டுக்கும் பக்கத்தில் அண்ணன்களே பேனாவால் குறிக்கட்டும்: இது இந்த ஒரு கட்டத்தை மட்டும் பார்க்கிறதா, வேறு கட்டத்தை நம்பி இருக்கிறதா? வேறு கட்டத்தை நம்பி இருப்பதையெல்லாம் தனி ஃபங்ஷனாகப் பிரித்து, சேவ் செய்யும்போது ஒருமுறை கூப்பிட வேண்டும். இந்த வேலையைப் பழைய ஃபாக்ஸ்புரோவிலேயே செய்யச் சொல்லுங்கள். தெரிந்த மொழி, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம், பயமும் இருக்காது. இது முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இன்னொன்று, ரெக்கார்டு பாயின்டர், அதாவது டேபிளில் இப்போது எந்த ரெக்கார்டில் நிற்கிறோம் என்ற குறி. இரண்டு டிசி ஜன்னல்கள் ஒரே நேரத்தில் திறந்திருக்க, ஒன்றில் தேடினால் மற்றதன் ரெக்கார்டும் நகர்ந்துவிடும். ஃபாக்ஸ்புரோவின் விண்டோஸ் வாரிசான விஷுவல் ஃபாக்ஸ்புரோவில் ஃபார்முக்கு ஃபார்ம் தனி டேட்டா செஷன் (ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி ரெக்கார்டு குறி) கொடுத்ததே இதற்காகத்தான். இரண்டு ஜன்னலைத் திறந்து காட்டினாலே புரிந்துகொள்வார்கள்.

எந்தக் கருவி? மொழி, திரை, டேட்டாபேஸ் மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9 உங்களிடம் இருந்தால் பழகிப் பார்க்க நல்லது; பழைய டேபிள்களை அப்படியே திறக்கும், கட்டளைகளும் தெரிந்தவை. ஆனால் அதிலேயே குடியேற வேண்டாம். அடுத்த பதிப்பு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் 2007-லேயே சொல்லிவிட்டது, 2015 ஜனவரியில் ஆதரவும் நின்றது. நிரந்தரத்துக்கு சி ஷார்ப் போகலாம். எக்ஸ் ஷார்ப் என்ற ஓப்பன் சோர்ஸ் கம்பைலரில் ஃபாக்ஸ்புரோ நடையிலேயே, சி ஷார்ப் ஓடும் அதே டாட் நெட் தளத்துக்கு எழுத வழி உண்டு, எல்லாக் கட்டளையும் அப்படியே ஓடாது என்றாலும். அண்ணன்களுக்கு அது நல்ல பாலம் என்பது என் எண்ணம்.

ஆபரேட்டர்களை மறந்துவிடாதீர்கள். நம்பர் பேடில் அடித்து என்டர் தட்டினால் அடுத்த கட்டம் என்று அவர்கள் கை பழகியிருக்கிறது. சி ஷார்ப் திரையில் என்டர் தானாக அடுத்த கட்டத்துக்குப் போகாது, நாம்தான் எழுத வேண்டும். அதை முதல் நாளே எழுதிவிடுங்கள். கையை மவுஸுக்கும் கீபோர்டுக்கும் அலைய விட்டால் "பழசே தேவலாம்" என்ற பேச்சு வாசல் வரை கேட்கும், அதில் நியாயமும் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. டாஸ்பாக்ஸில் ஓடும் பழைய புரோகிராமும் புதியதும் ஒரே டேபிளில் ஒரே நேரத்தில் எழுதும்படி விடாதீர்கள். டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காக வந்தது. ஒருவர் எழுதும் ரெக்கார்டை மற்றவர் தொடாமல் பூட்டும் ரெக்கார்டு லாக்கை அதில் நம்பிவிட முடியாது. இப்போதே பல கம்ப்யூட்டரிலிருந்து அப்படி எழுதுகிறீர்கள் என்றால், தினமும் பேக்கப் எடுப்பதை இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

முதலில் நிட்டிங் டிசி வரவுத் திரை ஒன்றை மட்டும் எடுங்கள், பில்லைத் தொடாதீர்கள். ஒரு அண்ணனும் ஒரு புதுப் பையனும் ஒரே கம்ப்யூட்டரில் உட்காரட்டும். பையன் அடிக்கட்டும், விதி என்ன என்பதில் அண்ணன் சொல்வதே முடிவு. ஒரு மாதம் பழைய புரோகிராமில் அசல் டேபிளிலும் புதியதில் அதன் நகலிலும் பதிந்து, சாயங்காலம் மொத்த எடை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஷிப்மென்ட் நெருக்கடி இல்லாத மாதமாகப் பார்த்து முதலாளியிடம் கேளுங்கள். அந்த மாதம் அண்ணன்களை ரிப்போர்ட் வேலைக்கு இழுக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லி வையுங்கள்.