கேள்வி – பதில்: எதை எடுக்கும் பிள்ளை?

கேள்வி: நான் சிறிய ஸ்டூடியோ ஒன்று வைத்திருக்கிறேன். கல்யாணம், சாமத்தியவீடு எடுத்துத்தான் பழக்கம். பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் ஒரு பெண்பிள்ளையின் முதலாவது பிறந்தநாளைப் படமெடுக்க அழைத்திருக்கிறார்கள். தகப்பன் சீனர், தாய் கொரியர். இரண்டு முறைப்படியும் சடங்கு உண்டாம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், ஆரையம்பதி

பதில்: தம்பி, பிள்ளைக்குப் பல் முளைக்கும்போது செய்யும் பல்லுக்கொழுக்கட்டைச் சடங்கைப் படமெடுத்திருப்பீர்களே! கொழுக்கட்டை சொரிந்தபின் புத்தகம், பேனா, கண்ணாடி, காப்பு என்று பரப்பிவைத்து, பிள்ளை எதைத் தொடுகிறது என்று பார்ப்போம் அல்லவா? கொரியரின் டோல்ஜாபியும் சீனரின் ஜுவாஜோவும் அதேதான். கொரியர் நூல், அரிசி, தூரிகை, காசு வைப்பார்கள். நூலை எடுத்தால் நீண்ட ஆயுள். இப்போது ஸ்டெதஸ்கோப்பும் மைக்கும்கூட மேசைக்கு வந்துவிட்டன. சீனர் மணிச்சட்டமும் வைப்பதுண்டு. சியான் சோங்சு என்ற சீன எழுத்தாளர் ஒரு வயதில் புத்தகத்தைப் பிடித்தாராம். 'புத்தகப் பிரியர்' என்று பொருள்படும் பெயர் அப்படித்தான் வந்தது.

மேசையைப் பிள்ளை வருமுன் படமெடுத்து முடியுங்கள். வெண்ணிறமாக அவித்த அரிசிப் பலகாரத்தைப் பிள்ளையின் கை முதலில் பதம் பார்த்துவிடும். அடுத்தது தொப்பி. கொரிய உடையான ஹான்பொக்கோடு தலைக்கு ஒன்று கட்டுவார்கள். எந்தப் பிள்ளையும் அதை அதிக நேரம் விட்டுவைக்காது.

பொருளை எடுக்கும் கணம் சில விநாடிதான். எதிரே தரையில் வயிறு பட்டுப் படுங்கள். வெள்ளைக் காற்சட்டை வேண்டாம். லென்ஸின் துவாரத்தை (அப்பர்ச்சர்) 1.8இல் அகலத் திறந்து வைத்தால் கை தெளிந்து முகம் மங்கிவிடும். 4 அல்லது 5.6 போதும், ஷட்டர் வேகம் 1/250 விநாடிக்குக் கீழே போகக்கூடாது. மரக்கூரை என்றால் பிளாஷை மேலே திருப்பாதீர்கள், பிள்ளை தேநீர் நிறத்தில் வரும். சிவப்புப் பட்டு உடுத்தியிருந்தால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். இல்லாவிட்டால் துணியின் மடிப்பெல்லாம் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும்.

கடலோடு ஒரு படம் கட்டாயம் கேட்பார்கள். நம் கிழக்குக் கரையில் காலைச் சூரியன் கடற்பக்கம் நிற்பதால் முகம் இருண்டுபோகும். பின்னேரம் நான்கரைக்குப் பிறகு போங்கள். ஆனால் பிள்ளை தூங்கும் நேரத்தைத் தாயிடம் முதலே கேட்டுவையுங்கள். வெளிச்சத்தைவிட அதுதான் முக்கியம்.

இன்னொன்று, 'இங்கே பார்' என்று மட்டும் கூப்பிடாதீர்கள். வந்தாறுமூலையில் ஒரு பல்லுக்கொழுக்கட்டையில் நான் அப்படிக் கூப்பிட்டேன். பேனாவை நோக்கிப் போன கை திரும்பி வந்து என் லென்ஸ் மூடியைப் பிடித்துக்கொண்டது. "இவனும் கமெராக்காரன்தானா?" என்று அம்மம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். அன்றைக்கு எனக்குக் கொழுக்கட்டைகூடத் தரவில்லை.