தோபா ஏரிக்கு நாலு நாள்: எரிமலையை விடுங்கள், தண்ணீரைக் கவனியுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் கீழக்கரை. என் மாப்பிள்ளை கோலாலம்பூரில் வேலை பார்க்கிறார். வரும் நோன்புப் பெருநாளுக்கு நானும் மாமியும் 11, 7 வயதுள்ள இரண்டு பிள்ளைகளும் அங்கே போகிறோம். பெருநாள் முடிந்த கையோடு இந்தோனேசியாவில் இருக்கும் தோபா ஏரிக்கு நாலு நாள் போய் வரலாம் என்கிறார். எரிமலை வெடித்து உண்டான ஏரி என்று கேட்டதிலிருந்து மாமிக்குப் பயம். அவருக்கு முட்டிவலி வேறு. நாலு நாள் போதுமா? பிள்ளைகள் ஏரியில் குளிக்கலாமா? ஹலால் சாப்பாடு கிடைக்குமா?

பதில்: போகலாம், நல்ல இடம். ஆனால் ‘பெருநாள் முடிந்த கையோடு’ என்பதை மட்டும் மாற்றுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் மாமியின் பயம்.

வடக்கு சுமத்ராவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது தோபா. நீளம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர், அகலம் 30. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு பெரும் வெடிப்பு நடந்தது. அடியில் இருந்த பாறைக்குழம்பு வெளியே கொட்டித் தீர்ந்ததும், தாங்க ஆளில்லாத மேல்தரை அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. அந்தப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் சேர்ந்து ஏரியானது. நடுவில் இருக்கும் சமோசிர் தீவு, மிச்சக் குழம்பு கீழிருந்து தள்ளியதால் ஏரியின் தரையே மேலெழும்பி வந்த நிலம். அன்று பறந்த சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி நம் பக்கமும் விழுந்திருக்கிறது. ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் அடுக்கை இன்றைக்கும் மண்ணைத் தோண்டிப் பார்க்கலாம். அத்தனை பெரிய வெடிப்பு அதற்குப் பிறகு தோபாவில் நடக்கவில்லை. சூடு முழுக்க ஆறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. தீவின் மேற்கே பங்குருரான் பக்கம் வெந்நீர் ஊற்றுகள் உண்டு, ஜனங்கள் போய்க் குளிக்கிறார்கள். நம் காலத்தில் குமுறிய மலை வேறு. 2010-இல் விழித்துக்கொண்டு பல வருடம் சாம்பல் கக்கிய சினாபுங், ஏரிக்கு வடக்கே பெராஸ்தாகி ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போவதாக இருந்தால் மட்டும் அன்றைய எச்சரிக்கை நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு நாளில் பெராஸ்தாகியையும் சேர்த்து இழுத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் என் யோசனை.

உண்மையில் யோசிக்க வேண்டியது தண்ணீரைப் பற்றி. தோபாவின் ஆழம் சில இடங்களில் 500 மீட்டரைத் தாண்டும். 2018 ஜூன் 18 அன்று, சமோசிரின் சிமானிந்தோ துறையிலிருந்து கிளம்பிய ‘சினார் பாங்குன்’ என்ற மரப்படகு கவிழ்ந்தது. ஏற்றக்கூடிய அளவைப்போல் பல மடங்கு ஆட்கள், கூடவே மோட்டார் சைக்கிள்கள். 160-க்கும் மேற்பட்டவர்கள் காணாமல் போனார்கள். படகு 450 மீட்டர் ஆழத்தில் கிடப்பது தெரிந்தும் அதை மேலே கொண்டுவரவில்லை. அந்தச் சமயம் நோன்புப் பெருநாள் விடுமுறை. லெபரான் என்று அவர்கள் சொல்லும் அந்த வாரத்தில் ஊருக்குப் போகிறவர்களும் சுற்றிப் பார்க்கிறவர்களுமாக சாலை, ஹோட்டல், படகுத்துறை எல்லாம் நிரம்பி வழியும். அதனால்தான் சொல்கிறேன், பெருநாளைக் கோலாலம்பூரில் நிம்மதியாகக் கொண்டாடிவிட்டு, பத்து நாள் கழித்து ஏரிக்குப் போங்கள். பள்ளி லீவு இடம் கொடுக்கவில்லை என்றால் பெரிய லீவில் மே மாதம் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

பிள்ளைகள் குளிக்கலாமா என்பதற்கு: குளிக்கலாம், உங்கள் கைக்கெட்டும் தூரத்தில். நம் பிள்ளைகளிடம் ஒரு சிக்கல், கடலோரத்தில் வளர்ந்ததால் தண்ணீரென்றால் தைரியம் அதிகம். நம் பக்கத்து அரியமான் கடற்கரையில் இடுப்பளவுத் தண்ணீரில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம், அலையும் கிடையாது. தோபாவும் பார்வைக்கு அப்படித்தான் சாதுவாக இருக்கும். ஆனால் பல இடங்களில் கரையிலிருந்து நாலு எட்டு வைத்தால் கால் தட்டாது. பள்ளத்தின் சுவர்தானே கரை. அதோடு உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கிக் கொடுக்கும், நல்ல தண்ணீர் அந்த அளவுக்குத் தூக்காது. கடலில் மல்லாந்து மிதக்கும் பையன் இங்கே தாழ்ந்துபோய் மிரளுவான். 900 மீட்டர் உயரத்து ஏரி என்பதால் தண்ணீர் நம் கடலைவிடக் குளிர்ச்சி. கயிறு கட்டி அடையாளம் வைத்த ஆழமில்லாத இடமாகப் பார்த்து, காலை வேளையில் இறக்குங்கள். மதியத்துக்கு மேல் பெரும்பாலும் காற்று எழும். படகில் கொடுக்கும் லைஃப் ஜாக்கெட் பெரியவர்கள் அளவு. ஏழு வயசுப் பிள்ளைக்குத் தலைவழியே கழன்று வந்துவிடும். கோலாலம்பூரிலேயே பிள்ளைகள் அளவில் இரண்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். காலிடுக்கு வழியாகக் கட்டும் வார் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இனி மாமியின் முட்டி. கோலாலம்பூரிலிருந்து மேடானுக்கு விமானம் ஒரு மணி நேரம்தான். அங்கிருந்து ஏரிக்கரை ஊரான பாராபாத்துக்குக் காரில் சுமார் நாலு மணி நேரம். முதல் பாதி டோல் சாலை, சியாந்தார் தாண்டியபின் வளைவு வளைவாகப் போகும். பிள்ளைகளுக்கு வாந்தி மாத்திரை கொடுத்துவிடுங்கள். ஏழு பேர் உட்காரும் வண்டியை டிரைவரோடு நாலு நாளைக்கும் பேசிக்கொள்வது நல்லது.

தீவுக்குப் போக இரண்டு வழி. பாராபாத்திலிருந்து துக்துக்குக்கும் தோமோக்குக்கும் சின்னப் படகுகள் போகும். சிலது விடுதியின் சொந்தத் துறையிலேயே இறக்கிவிடும், பார்க்க சௌகரியம் போல இருக்கும். ஆனால் படகு முட்டியதும் ஒரு பலகையைப் போடுவார்கள். படகும் ஆடும், பலகையும் ஆடும், பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்காது. முட்டிவலிக்காரருக்கு அது ஆகாது. பாராபாத்தை ஒட்டிய அஜிபாதாவிலிருந்து தீவில் உள்ள அம்பாரிதாவுக்குக் கார் ஏற்றும் பெரிய படகு ஓடுகிறது. அதில் வண்டியோடு ஏறி வண்டியோடு இறங்கலாம். சனி, ஞாயிறு வரிசை நீளும் என்பதால் கடக்கும் நாளை வார நாளாக வையுங்கள். அறை போடும்போது ‘ஏரி தெரியுமா’ என்று கேட்பதற்கு முன் ‘வாசலிலிருந்து அறைக்கு எத்தனை படி’ என்று கேளுங்கள். தீவில் தங்க நினைத்தாலும் இதைக் கேளுங்கள், துக்துக் பக்கம் நிறைய விடுதிகள் சரிவில் கட்டியவை. படத்தில் அழகாகத் தெரியும் படிக்கட்டை மாமிதான் ஏறி இறங்க வேண்டும்.

நாலு நாள் போதுமா என்றால், போக ஒரு நாள், வர ஒரு நாள் கழித்து முழுசாகக் கையில் இருப்பது இரண்டே நாள். மூன்று இரவும் பாராபாத்தில் ஒரே அறை. ஒரு நாள் தீவுக்குப் போய் வாருங்கள். அம்பாரிதாவில் பாதாக் இனத்தின் பழைய தலைவர்கள் உட்கார்ந்து வழக்கு விசாரித்த கல் நாற்காலிகள் இருக்கின்றன, குதிரைச் சேணம் மாதிரி இருபுறமும் தூக்கிய கூரை வீடுகளும் உண்டு. இன்னொரு நாள் சும்மா இருங்கள். ஏரியின் வடக்கு முனையில் 120 மீட்டர் உயரத்திலிருந்து விழும் சிபிசோபிசோ அருவி பேர் போனதுதான், ஆனால் பாராபாத்திலிருந்து தூரம், அடிவாரம் வரை படிகள். எனக்குக் கேட்டால் விட்டுவிடலாம்.

சாப்பாட்டை எளிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தோனேசியா முஸ்லிம் நாடு, எங்கே போனாலும் ஹலால்தான் என்று நம் ஊரில் நினைப்பது வழக்கம். தோபாவைச் சுற்றி வாழும் பாதாக் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், பன்றி அவர்கள் விருந்துச் சாப்பாடு. ‘லாப்போ’ என்று பலகை இருந்தால் அது பாதாக் கடை. ‘பி.பி.கே.’ (BPK) என்றால் சுட்ட பன்றி, ‘பி2’ (B2) என்றாலும் பன்றி. ‘பி1’ (B1) என்றால் நாய். படத்தைப் பார்த்து உள்ளே நுழைந்துவிடாதீர்கள். ‘ருமா மாக்கான் முஸ்லிம்’ என்றோ ‘மாசாக்கான் பாடாங்’ என்றோ எழுதியிருந்தால் தயங்காமல் உட்காரலாம். பாடாங் கடைகளை நடத்துகிற மினாங் மக்கள் முஸ்லிம்கள். தட்டுத் தட்டாக மேசையில் அடுக்கிவிட்டு, தொட்டதற்கு மட்டும் காசு வாங்குவார்கள். பாராபாத்தில் இப்படிக் கடைகளும் பள்ளிவாசலும் உண்டு. தீவில் குறைவு. மூன்று இரவும் பாராபாத் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஏரி மீன் பற்றி ஒரு வார்த்தை: சீலாவும் பாறையும் தின்ற நாக்குக்கு அது சப்பென்றுதான் இருக்கும்.

காகிதங்கள் விஷயம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். இந்தியர்களுக்கு மேடான் விமான நிலையத்தில் இறங்கியதும் விசா கொடுக்கிறார்கள். ஒருவருக்கு 5 லட்சம் ருப்பியா, நம் காசில் மூவாயிரத்துக்குள், 30 நாள் தங்கலாம். பிள்ளைகளுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். குடிவரவுத் துறையின் தளத்தில் முன்கூட்டியே எடுத்துவிட்டால் மாமி வரிசையில் நிற்க வேண்டாம். மலேசியா இப்போதைக்கு இந்தியர்களிடம் 30 நாள் வரை விசா கேட்பதில்லை, ஆனால் டிக்கெட் போடும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மேடானிலிருந்து திரும்பும்போது நீங்கள் மலேசியாவுக்குள் புதிதாக நுழைகிறீர்கள். அதனால் அவர்களுடைய டிஜிட்டல் வருகை அட்டையை மறுபடி நிரப்ப வேண்டும், திருச்சிக்குப் போகும் டிக்கெட்டின் நகலும் கையில் இருக்க வேண்டும். இதை மறந்துவிட்டுக் கவுன்ட்டரில் போனைத் துழாவுகிறவர்கள் நிறைய.

திரும்பும் விமானத்தை மாலைக்குப் போடுங்கள். காலை விமானம் என்றால் பாராபாத்தில் நடுராத்திரியே பிள்ளைகளை எழுப்ப வேண்டியிருக்கும். மேடான் கடிகாரம் கோலாலம்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது, நம் ஊரைவிட ஒன்றரை மணி நேரம் முந்தியது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதை மாப்பிள்ளைக்கும் டிரைவருக்கும் சொல்லிவிடுங்கள்.